பழைய கிரைண்டரைப் பழுது பார்த்தல்

நமது சரகத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து அங்கத்தினர் வீடுகளில், சாக்கினால் மூடித் தாழ்வாரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட மாவரைக்கும் கிரைண்டர்களைக் காண நேருகிறது. ஓடவில்லை என்பதே சொல்லப்படும் காரணம். அடுத்தாற்போல், புதியதொன்றைத் தவணையில் வாங்கப் போவதாகச் செய்தி வருகிறது. தவணைக்குப் பணம் எங்கிருந்து வருகிறதென்று நாம் கேட்பதில்லை. நகைக்கடன் பேரேடே அதைச் சொல்லிவிடும். ஆகவே, எது பழுது, எது பழுதல்ல என்பதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

ஆட்டுரலில் உரல் அசையாது நிற்க, குழவி சுழலும். கிரைண்டரில் குழவியை ஒரு கை பிடித்து நிறுத்த, உரல் சுழலும். கோயம்புத்தூரில் 1955-ஆம் ஆண்டில் பி. சபாபதி என்பார் இத்தொழிலைத் தொடங்கினார். அந்நகரத்துக் கிரைண்டர், நமது கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இல் பெற்ற அதே புவிசார் குறியீட்டை அதற்கு முன்னரே பெற்றுவிட்டது. அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்த சிறிய மேஜைக் கிரைண்டர்களும் இப்போது பழையனவாகி வருகின்றன. அளவு வேறே தவிர, வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றே.

இதில் கல் முதுமை அடைவதில்லை. முதுமை அடைபவை பெல்ட், பேரிங், கண்டன்சர், வயர் ஆகியனவே. இவற்றை மாற்றும் செலவு புதுக் கிரைண்டரின் விலையில் சிறு பகுதிதான். மோட்டார் ஓடியும் உரல் சுற்றவில்லையென்றால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது மாவு வழிந்து அதன்மேல் படிந்திருக்கும். கடகடவென்று ஒலி எழுந்தால் பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். நமது பகுதியில் பல ஊர்களின் ஆழ்குழாய் நீர் உப்பு நீர். அது இரும்பை விரைவில் அரித்துவிடும். மாவில் கரிய நிறம் கலந்தால் அடியிலுள்ள சீல் தேய்ந்து கிரீஸ் மேலேறுகிறது என்று கொள்ளலாம். அந்த மாவை உண்ணலாகாது.

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், பெரும்பாலும் கண்டன்சரே குற்றவாளி. பலர் இந்நிலையில் மோட்டாரே எரிந்துவிட்டதென்று முடிவு கட்டிவிடுகின்றனர். உடனே நிறுத்தாது உறும விட்டால் பிறகு உண்மையாகவே எரிந்துவிடும். புதிய கண்டன்சர் பழையதன் மைக்ரோபாரட் அளவையே கொண்டிருத்தல் வேண்டும். வோல்ட் அளவு பழையதற்குக் குறையலாகாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் வீட்டிலுள்ளோர் அதில் கை வைக்க வேண்டாம்.

உளுந்து முன்போல் பொங்கி வரவில்லை, நேரம் அதிகமாகிறது, மாவு சூடேறுகிறது என்பது யந்திரக் கோளாறு அன்று. கல் வழவழப்பாகிவிட்டது, அவ்வளவே. கொத்தினால் சரியாகும். அம்மி கொத்துவோர் தெருவில் வருவது அருகிவிட்டது. ஒரு தெருவில் ஐந்தாறு வீட்டார் சேர்ந்து ஒருவரை வரவழைத்தால் அவருக்கும் ஒரு நாள் கூலி கட்டுபடியாகும். கொத்திய பின் அரிசிக் குறுணையை இரண்டு மூன்று முறை அரைத்துக் கொட்டிவிட வேண்டும். கல்தூள் பல்லில் படும் மாவை ஆட்டுக்கும் கோழிக்கும்கூட வைக்க வேண்டாம்.

மோட்டார் காயில் எரிந்திருந்தாலும் மறுபடி சுற்றிக்கொள்ளலாம். ஆனால் செம்புக் கம்பியா, அலுமினியக் கம்பியா என்பதை முன்னதாகக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குக. மாற்றிய பழைய சாமானையும் திருப்பிக் கேட்டு வாங்குக. உரலின் அடிப்பாகமே துருவேறி ஓட்டை விழுந்திருந்தாலும், கல் விண்டிருந்தாலும், அதன்மேல் பணம் போடுவது வீண்.

இவை யாவும் பணத்தைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது உயிரைப் பற்றியது.

"தொட்டால் சுரீரென்கிறது, மணைப்பலகை மேல் நின்று அரைத்துக்கொள்கிறோம்" என்று பெண்மக்கள் சாதாரணமாகச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். பாவு வேலைக்கும் தறிக்கும் இடையே அவசரமாக, ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று மாவைத் தள்ளிவிடுவோர் அவர்களே. பழைய வயரின் உறை வெடித்து மின்சாரம் இரும்புக் கூட்டில் பாய்கிறது என்பதே அந்தச் சுரீரின் பொருள். அதைத் தரையில் இறக்கிவிடவே மூன்றாவது கம்பி உள்ளது. பிளக்கில் பருத்து நீண்ட முள் அதற்குரியது. பழைய வீடுகளில் சுவரிலுள்ள அந்தத் துளைக்குப் பின்னால் கம்பியே இராது. சிலர் அதை நியூட்ரலோடு முடிந்துவிடுகின்றனர். இது இல்லாததைவிடக் கேடு. நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் கிரைண்டர் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும்.

கரிசல் பூமிக்கு இதில் ஒரு தனிக் குணம் உண்டு. ஈரமாயிருக்கையில் கரிசலைப் போல் மின்சாரத்தை எளிதில் உள்வாங்கும் மண் குறைவு. வெயிலில் அதுவே சுருங்கி, கால் நுழையும் அளவுக்கு வெடித்து, எர்த் குழாயை விட்டு விலகிவிடும். ஐப்பசியில் நன்றாக இருந்த எர்த் சித்திரையில் பெயரளவுக்கே இருக்கும். மேலாகக் குத்திய இரண்டடிக் கம்பி ஆதலால் இங்கே உதவாது. குழாய் குறைந்தது 2.5 மீட்டர் ஆழம் இறங்க வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் இடுவது வழக்கம். வசதியுள்ளோர் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை அறுத்துவிடும் சுவிட்சையும் மெயினில் பொருத்திக்கொள்வாராக. கிரைண்டரைப் பழுது பார்க்க வரும் மின் பணியாளரிடம் அன்றே எர்த்தையும் கருவி வைத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகு, மாசி முதல் மழை இறங்கும் வரை, வாரம் ஒரு குடம் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றி வருக. பாத்திரம் கழுவிய நீரே போதும்.