காசி மலைகளில் தனியார் காடுகள்

காடு என்றவுடன் அரசாங்கத்தின் உடைமை என்று எண்ணுவது நம் நாட்டில் வழக்கமாகும். வடகிழக்கிலுள்ள மேகாலயத்தில் நிலைமை வேறு. அங்கு அரசாங்கத்தின் ஒதுக்குக் காடுகள் சிறு பகுதியே. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை தனி மனிதர், குலம், ஊர்ச் சமூகம் ஆகியோருக்கு உரியவை.

காசி மக்கள் பொது நிலத்தை 'ரி ரெய்ட்' என்றும், தனியுரிமை நிலத்தை 'ரி கிந்தி' என்றும் பிரிப்பர். பின்னதில் வளரும் காடு 'லா ரி கிந்தி' எனப்படும். தாய்வழி மரபினராதலின் குலச்சொத்து கடைசி மகளைச் சேருகிறது. காடுகளின் இத்தகைய பாகுபாட்டை 1958-ஆம் ஆண்டின் மாவட்டக் கவுன்சில் வனச் சட்டமும் ஏற்றுக்கொண்டது.

மேட்டு நிலத்தில் காசிப் பைன் மரங்கள் கட்டட மரமும் விறகும் தருகின்றன. தென்சரிவுகளில் உடைமையாளர் காட்டு மரங்களை வெட்டாமல் நிறுத்தி, அவற்றின்மீது வெற்றிலைக் கொடியைப் படரவிடுகின்றனர். நிழல் மிகுந்தால் கிளைகளைக் கழிப்பர். உதிரும் தழை கொடிக்கு எருவாகிறது. கமுகும் பிரிஞ்சி இலை மரமும் உடன் வளர்கின்றன. இவ்வாறு காடு நிற்கும்போதே வருவாய் கிடைக்கிறது.

பைன் நாற்றுகளுக்கு வெளிச்சம் தேவை. ஆகவே வெட்டும்போது நல்ல தாய் மரங்களை இடைவிட்டு நிறுத்தினால், அவற்றின் விதைகளே புதுக்காட்டை உண்டாக்கும். வறண்ட குளிர்காலத்தில் தீயையும், இளமரங்களிடையே மேய்ச்சலையும் தடுத்தல் இன்றியமையாதது.

மொத்தமாக வெட்டி விற்றால் பணம் உடனே கையில் சேரும். ஆனால் நட்டமோ உடைமையாளரோடு நிற்பதில்லை. ஆண்டுக்குச் சுமார் 11,000 மில்லிமீட்டர் மழை பெறும் சோராவிலேயே (சிரபுஞ்சி) குளிர்காலத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு நேருகிறது. மரமற்ற சரிவில் மழைநீர் தங்காமல் மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடுகிறது. கீழேயுள்ள ஊரின் ஊற்று வற்றுகிறது.

காடு எவருடையதாயினும் அங்கீகரிக்கப்பட்ட செயல்திட்டத்தின்படியே மரம் வெட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-இல் ஆணையிட்டது. எனினும், ஆணை மட்டும் காட்டைக் காத்துவிடாது. எம்மரத்தை வெட்டுவது, எதை விதைக்கு நிறுத்துவது என்பதை உடைமையாளருடன் காட்டிற்குள் நடந்து தீர்மானிப்பது களப்பணியாளரின் கடமையாகும். ஊற்றுக்கும் அதன் மேலுள்ள மரங்களுக்கும் உள்ள தொடர்பை மாணவர்க்கு நேரில் காட்டி விளக்குவது ஆசிரியர் ஆற்றக்கூடிய தொண்டு. நாளைய உடைமையாளர் இன்று அவர்தம் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர்.