பல்கலைக்கழகத்தில் தத்துவமும் சமயமும்



எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் தோட்டப்புற வீடுகளில் மேற்படிப்பைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். மருத்துவம், பொறியியல், கணக்கியல், ஆசிரியர் பயிற்சி என்று நமக்குத் தெரிந்த படிப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். அந்த நேரத்தில் ஒரு பிள்ளை, "நான் தத்துவமும் சமயமும் படிக்க விரும்புகிறேன்" என்று சொல்லிவிட்டால் வீடே திகைத்துப் போகும். "சாமியாராகப் போகிறாயா?" என்பார் தாயார். "நாலு புத்தகம் படித்துவிட்டுக் கோயில் பக்கமே வராமல் போய்விடுவாயே!" என்று பாட்டி அஞ்சுவார். "அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பார் தந்தையார். மூன்றும் நியாயமான கேள்விகளே. இப்படிப்பு எத்தகையது என்று அறிந்துகொண்டு, இம்மூன்றுக்கும் விடை தேடுவோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். மலாய் மொழியில் 'பல்சாபா' என்கிறோம். அது அரபு மொழி வழியாக வந்த கிரேக்கச் சொல். அறிவின்மீது கொண்ட அன்பு என்பது அதன் பொருள். தமிழில் தத்துவம் என்றும் மெய்யியல் என்றும் சொல்கிறோம். யாழ்ப்பாணத்துக் கல்வியாளர்கள் மெய்யியல் என்பதையே பெரிதும் ஆள்வர். தத்துவம் என்ற சொல்லுக்குச் சைவ சித்தாந்தத்தில் தனிப்பொருள் ஒன்றும் உண்டு. அங்கே 36 தத்துவங்கள் என்று எண்ணிச் சொல்வார்கள். ஆகவே ஒரு நூலில் இச்சொல் வரும்போது எப்பொருளில் வருகிறது என்று நின்று பார்த்துத்தான் மேலே செல்ல வேண்டும். இவ்வாறு நிற்கப் பழகுவதே தத்துவப் படிப்பின் முதற்பாடம்.

அடுத்த பாடம், 'இதை நீ எப்படி அறிந்தாய்?' என்ற கேள்வி. நம் முன்னோர் இதனை அளவை என்றனர். அரிசியை அளக்கப் படி இருப்பதுபோல், அறிவை அளக்கவும் கருவி வேண்டும் அல்லவா? கண்ணால் கண்டு அறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை அறிவது கருதல். நம்பத் தகுந்தோர் சொல்லால் அறிவது உரை. சைவ சித்தாந்தம் இம்மூன்றையும் ஏற்கிறது. மணிமேகலையில் அறவண அடிகள் காட்டும் பௌத்த நெறியில் காட்சி, கருதல் என்னும் இரண்டே அளவைகள்.

கருதலுக்குப் பழைய நூல்கள் எல்லாம் காட்டும் உதாரணம் புகையும் நெருப்பும். மலைமேல் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்பது வாதம். கேமரன் மலையில் இருக்கும் நமக்கு இந்த உதாரணம் எளிதில் விளங்கும். கியா பார்மில் விடியற்காலையில் எதிர்ச்சரிவைப் பார்த்தால் வெள்ளையாக ஏதோ எழுந்துகொண்டிருக்கும். அது காய்கறித் தோட்டத்தில் யாரோ குப்பை கொளுத்திய புகையா, வெறும் பனிமூட்டமா? புகைதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ளாமல் "அங்கே நெருப்பு இருக்கிறது" என்று ஒருவர் முடிவு கட்டினால் அவருடைய வாதம் தொடக்கத்திலேயே பழுதாகிவிடுகிறது. இதே பிழையை மணிமேகலையின் 29ஆம் காதை எடுத்துக் காட்டுகிறது. ஆவியோ பனியோ என்று ஐயம் இருக்கும்போதே புகை எனக் கொண்டு நெருப்பைத் துணிவது தவறு என்று அங்கே வகுத்துச் சொல்லப்படுகிறது. கைபேசியில் வரும் செய்தியை வந்த வேகத்தில் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிற இந்தக் காலத்துக்கு இதைவிடத் தேவையான பாடம் வேறு என்ன இருக்கிறது?

அறிவை அளக்கும் இந்தப் பகுதி அளவையியல். எது நன்மை, எது கடமை, எது நீதி என்று ஆராய்வது அறவியல். உலகம், உயிர், இறை ஆகியவற்றின் இயல்பை ஆராயும் பகுதியும் உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தத்துவப் படிப்பு இம்மூன்றையும் தூண்களாகக் கொண்டிருக்கும். சமயப் படிப்பில் சமயங்களின் வரலாறு, அவற்றின் நூல்கள், வழிபாட்டு முறைகள், ஒரு சமயத்தை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் காணும் முறை ஆகியவை இடம்பெறும்.

இவையெல்லாம் வெளிநாட்டார் கொண்டுவந்த புதுமை என்று எண்ணிவிடக் கூடாது. சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையின் 27ஆம் காதைக்கு 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை' என்று பெயர். வஞ்சி மாநகரில் மணிமேகலை அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி முதலியோரை அணுகி, ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். நூலோ பௌத்த நூல். ஆயினும் பிற சமயத்தார் கூற்று அவரவர் வாயாலேயே வருகிறது. பின்னாளில் அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தார். பரபக்கத்தில் பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டு, அதன் பிறகே சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவுகிறார். எதிர்த்தரப்பு இன்னதென்று தெரியாதவனுக்கு வாதிடும் தகுதி இல்லை என்பது அக்காலத்து ஒழுங்கு. அவருடைய ஆசிரியரான மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞான போதமோ 12 சூத்திரங்களே கொண்ட சிறு நூல். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற முறையில் அது கருத்தை நிறுவிச் செல்கிறது. நம்பு என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ஏன் என்பதற்கும் விடை தருகிறது. திருமுறை ஓதும் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை, பாடிய பாட்டுக்குப் பொருள் கேட்டால், அப்பிள்ளை நம் மரபை விட்டு விலகவில்லை. மரபுக்குள் இன்னும் ஒரு படி ஏறுகிறது என்றே கொள்ள வேண்டும்.

இனித் தாயாரின் கேள்விக்கு வருவோம். தத்துவம் படிப்பவர் சாமியாராகிவிடுவாரா? சமயத்தைப் பின்பற்றுவது வேறு. சமயத்தைப் பற்றிப் படிப்பது வேறு. ஆதீனத்திலோ மடத்திலோ திருக்கோயிலிலோ பெறும் பயிற்சி, ஒரு நெறியில் நின்று ஒழுகுவதற்கான பயிற்சி. பல்கலைக்கழகத்தில் தேர்வுத்தாள், 'நீ இதை நம்புகிறாயா?' என்று கேட்பதில்லை. 'இக்கொள்கை என்ன சொல்கிறது? அதற்கு என்ன காரணம் காட்டுகிறது? அதை மறுப்பவர் என்ன சொன்னார்?' என்றுதான் கேட்கும்.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கப்பட்டது. 1961 முதல் 1969 வரை அதன் தலைவராக இருந்தவர் தனிநாயக அடிகளார். இலங்கையில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913இல் பிறந்தவர். உரோமாபுரியில் இறையியல் படித்துக் கத்தோலிக்கக் குருவானவர். அதன்பின் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் முன்னின்று நடத்தினார். இந்தியப் பண்பாட்டைக் கற்பிக்கும் துறைக்கு ஒரு கிறிஸ்துவக் குரு தலைமை தாங்கினார். அதனால் அவருடைய நம்பிக்கையும் குறையவில்லை. மாணவர்களின் நம்பிக்கைக்கும் இடையூறு நேரவில்லை. பல்கலைக்கழகப் படிப்பின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

பாட்டியின் அச்சம் இன்னும் ஆழமானது. படித்தால் பக்தி போய்விடுமா? போகவே போகாது என்று நான் உறுதி கூற இயலாது. படிப்பால் ஐயம் கொள்பவரும் உண்டு. படிப்பால் உறுதி பெறுபவரும் உண்டு. டாக்டர் இராதாகிருஷ்ணன் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். 1888இல் திருத்தணிப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் அவர் தத்துவம் படிக்க நேர்ந்ததற்குக் காரணம், அப்பாடத்தை முடித்த உறவினர் ஒருவர் தம் புத்தகங்களைக் கொடுத்ததுதான். புத்தகச் செலவு மிச்சம்! மிஷன் கல்லூரியில் இந்து சமயத்தைப் பற்றி எழுந்த குறைகூறல்கள் அவர் மனத்தை உறுத்தின. அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு வெளியேறவும் இல்லை. தம் சமயத்தில் உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று ஆராயப் புகுந்தார். 1908இல் வேதாந்தத்தின் அறவியல் பற்றி ஆய்வேடு எழுதினார். 1936இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கீழ்த்திசைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான பேராசிரியரானார். 1962இல் இந்தியக் குடியரசுத் தலைவரும் ஆனார்.

கடினமான கேள்விகள் நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில்தான் சந்திக்கும் என்பதில்லை. பிரிஞ்சாங்கைச் சுற்றிலும் முருகன் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, சாம் போ புத்தர் கோயில் இருக்கிறது, தானா ராத்தா போகும் வழியில் தேவாலயமும் இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் தோழன், "நீங்கள் ஏன் சிலையை வணங்குகிறீர்கள்? ஏன் அலகு குத்திக்கொள்கிறீர்கள்?" என்று கேட்கிறான். வீட்டில் வந்து அதையே கேட்டால், "சாமி விஷயத்தில் எதிர்க்கேள்வி கேட்காதே" என்று நாம் வாயை அடைத்துவிடுகிறோம். விடை கிடைக்காத பிள்ளை ஒன்று வெட்கப்படும், இல்லையேல் விலகிப்போகும். என் பார்வையில், அறிந்தவரிடம் முறையாகக் கேட்டுப் படிப்பதில் உள்ள ஆபத்தைவிட, கேட்க இடமின்றி வளர்வதில் உள்ள ஆபத்தே பெரிது.

கடைசியாகத் தந்தையாரின் கேள்வி. தேயிலை பறித்தும் சந்தையில் காய்கறி விற்றும் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு அது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. பி.டி.பி.டி.என். கடன் வாங்கினால் அதைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். 'தத்துவப் பட்டதாரி தேவை' என்ற விளம்பரம் நாளிதழில் வருவது அரிது. இதை மறைத்துப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டக் கூடாது. ஆயினும் சட்டம், பத்திரிகை, பதிப்பு, நிர்வாகம், சமூகநலம், கல்வி ஆகிய துறைகளில், ஒன்றைத் தெளிவாகப் படித்து, பிரித்து ஆராய்ந்து, பிறர் ஏற்கும்படி எழுதத் தெரிந்தவருக்குத் தேவை உண்டு. அத்திறனை இப்படிப்பு வளர்க்கிறது. மொழித்திறன் இல்லாவிட்டால் இப்படிப்பால் பயன் குறைவு. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் நன்றாக எழுதப் பயின்றவருக்கே வழி திறக்கும். ஆசிரியராக விரும்புவோர் பட்டத்தோடு ஆசிரியர் பயிற்சியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே படிக்கலாம்? மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை நமக்கு அருகில் உள்ளது. 1983இல் நிறுவப்பட்ட அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய இறையியலோடு சமய ஒப்பியலும் கற்பிக்கப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம், சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறிஸ்துவ ஆய்வு ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலையும் இந்து நாகரிகத்தையும் தமிழிலேயே பயிலலாம். இலங்கையில் உயர்தர வகுப்பிலேயே அளவையியலும் விஞ்ஞான முறையும் ஒரு பாடம். வெளிநாடு செல்ல நினைப்போர், அங்குப் பெறும் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பணம் கட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

எல்லாரும் இதையே முதன்மைப் பாடமாக எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு இடம் கிடைக்காததால் இதில் சேரும் பிள்ளை இடையில் சோர்ந்துபோகும். வாசிப்பில் விருப்பமும் காரணம் கேட்கும் இயல்பும் உள்ள பிள்ளையே இதற்கு உரியது. மற்றவர்க்கும் இந்த அறிவு வேண்டியிருக்கிறது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் பட்டம் படிக்கும் மலேசிய மாணவர்களுக்கு, தத்துவமும் நடப்பு விவகாரங்களும் பற்றிய பாடம் இன்று பொதுப்பாடங்களுள் ஒன்றாக இருக்கிறது. பொறியியல் படிக்கப் போகும் பிள்ளையும் தத்துவ வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும். 1988இல் வகுக்கப்பட்ட தேசியக் கல்வித் தத்துவத்தைப் பயிற்சி ஆசிரியர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்வது வழக்கம். அறிவு, ஆன்மிகம், உள்ளம், உடல் நான்கும் சமநிலையில் வளர வேண்டும் என்று அது கூறுகிறது. 'சமநிலை என்பது என்ன? ஒரு பிள்ளையிடம் அதை எப்படி அறிவது?' என்று கேட்கத் தொடங்கும்போதுதான் மனப்பாடம் கல்வியாகிறது.

பெற்றோர் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை கேள்வி கேட்டால் கோபம் கொள்ளாமல், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாதபோது, "எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவரிடம் கேட்போம், வா" என்று அழைத்துச் செல்லுங்கள். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அது நல்ல தொடக்கம். போகாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் துணை.