பொங்கல் வாழ்த்தைக் கையாலேயே செய்வோம்

ஊரிலுள்ளவர்களுக்குத் தை மாத வரவைக் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் அறிவிக்கும். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஒரு காலத்தில் அதை அறிவித்தவர் தபால்காரரே. உழவரும் காளையும் பொங்கற்பானையும் அச்சிட்ட வாழ்த்து அட்டைகள் கட்டுக் கட்டாக வந்தன. இன்று வாழ்த்துகள் கைப்பேசியில் வருகின்றன. விரைவில் சேர்கின்றன என்பது நன்மையே. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர், எழுத அறியார். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் எழுதும் கைக்குத் தமிழில் ஒரு வரி எழுதும் வாய்ப்பு வாய்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவ்வாய்ப்பைத் தரவல்லது, பிள்ளைகள் தாமே செய்யும் வாழ்த்து அட்டை.

அட்டையில் அமைக்க ஆவாரம்பூவைத் தேர்ந்துகொள்ளலாம். கொங்கு நாட்டில் பொங்கலையொட்டி வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றோடு சேர்த்துக் காப்புக் கட்டும் மலர் அது. ஐந்து மஞ்சள் இதழ்களும், காம்பின் இருபுறமும் எதிரெதிராக அமைந்த சிற்றிலைகளும் கொண்டது. வரையவும் வெட்டவும் எளியது.

தேவையான பொருள்கள்

சற்றுக் கனமான வெள்ளைத் தாள் (200 முதல் 250 கிராம் வரை), பழைய எக்ஸ்ரே தாள் அல்லது பிளாஸ்டிக் கோப்பு உறை, கூரிய பிளேடு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, போஸ்டர் வண்ணம், சிறு ஸ்பாஞ்சுத் துண்டு, ஒட்டுநாடா, மெழுகுவர்த்தி. ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் இரண்டு அட்டைகள் கிடைக்கும். மஞ்சள் தூளைக் கரைத்துப் பூசலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அந்நிறம் வெளிச்சத்தில் விரைவில் வெளுத்துவிடும்.

ஸ்டென்சில் வெட்டுதல்

ஓர் இதழை மட்டும் தாளில் வரைந்து வெட்டிக்கொள்க. ஒரு புள்ளியை நடுவாகக் கொண்டு, 72 பாகைக்கு ஒருமுறை அதைத் திருப்பி வைத்து வரைந்தால் ஐந்து இதழ்களும் சீராக அமையும். இதழுக்கும் இதழுக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடம் விடுதல் இன்றியமையாதது. அவ்விடைவெளியே ஸ்டென்சிலைத் தாங்கும் பாலம். அதையும் வெட்டிவிட்டால் ஐந்து இதழ்களும் ஒரே துளையாகிவிடும். பிளேடு பிடிக்கும் வேலையைப் பெரியவர்களே செய்தல் நலம்.

இக்கலை வடநாட்டுக்கும் புதிதன்று. மதுரா, பிருந்தாவனம் பகுதிகளில் 'சாஞ்சி' என்னும் கலையில், நுண்ணிய கத்தரிக்கோலால் தாளை வெட்டி, அதன் வழியே வண்ணப் பொடி தூவிக் கண்ணன் லீலைகளை அமைக்கின்றனர். அங்கே வாழும் நம் குடும்பத்தினர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.

வண்ணமும் புடைப்பும்

ஸ்டென்சிலை அட்டையின் முகப்பில் வைத்து ஒட்டுநாடாவால் அசையாமல் பொருத்துக. ஸ்பாஞ்சில் வண்ணத்தைத் தொட்டு, முதலில் வேறொரு தாளில் ஒற்றி ஈரத்தைக் குறைத்த பின்னரே துளைகளின் மீது மெல்லத் தட்டுதல் வேண்டும். ஈரம் மிகுந்தால் வண்ணம் அடியில் பரவி விளிம்பு கலைந்துவிடும்.

வண்ணம் நன்கு உலர்ந்தபின் ஸ்டென்சிலை எடுக்காமலே அட்டையைக் கவிழ்த்து, சன்னல் கண்ணாடியின்மேல் ஒட்டுக. பகல் வெளிச்சத்தில் இதழ்களின் வடிவம் தாளின் பின்புறம் தெரியும். அங்கே மெழுகை இலேசாகத் தேய்த்துக்கொண்டு, பேனாவின் உருண்டை முனையால் இதழ்களின் ஓரங்களை ஒட்டிப் பலமுறை மெல்ல அழுத்துக. தாள் துளைக்குள் நீண்டு இறங்கும். திருப்பிப் பார்த்தால், வண்ணம் பூசிய அதே இடத்தில் இதழ் புடைத்து நிற்கும். ஒரேயடியாக அழுத்தினால் தாள் கிழியும். பொறுமையே இங்குக் கருவி. கண் மங்கிய பாட்டி இம்மலரை விரலால் தடவி அறியலாம் என்பது அச்சிட்ட அட்டைக்கு இல்லாத சிறப்பு.

எழுத்து

'பொங்கல் வாழ்த்து' என்பதையும் ஸ்டென்சிலில் வெட்ட முயல வேண்டாம். சுழியுள்ள எழுத்துகளில் சுழியின் நடுப்பகுதி பாலமின்றி உதிர்ந்துவிடும். அன்றியும், எழுதுவதற்காகவே இம்முயற்சி. உள்ளே என்ன எழுதுவது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்; பெற்றோர் அதை ஒரு தாளில் எழுதிக் காட்ட, பிள்ளை பார்த்து எழுதட்டும். "தாத்தா, பாட்டி, நான் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு" என்ற ஒரு வரி போதும். றகர ரகரம் மாறியிருந்தால் மறுநாள் நோட்டுப் புத்தகத்தில் திருத்திக் காட்டலாம். அட்டையில் அழிக்க வேண்டா. எழுத்துக் கோணலாயிருப்பினும், பெயரன் தமிழில் எழுதினான் என்பதே அங்குப் பெரிய செய்தி.

அனுப்பும்போது புடைப்பு நசுங்காதிருக்க, உறைக்குள் ஒரு கனத்த அட்டையையும் சேர்த்து வைக்கவும். 2025ஆம் ஆண்டில் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், சேர்ந்த விவரம் அறிய விரும்புவோர் விரைவுத் தபாலில் அனுப்பலாம். சாதாரணத் தபாலில் அனுப்புவோர் டிசம்பர் இறுதிக்குள்ளேயே தபாற்பெட்டியில் சேர்த்துவிடுவது நன்று. மார்கழி விடுமுறை நாட்களில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கினால், போகிக்கு முன்பே வாழ்த்து ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.