முதுகு ஊசி யார் கையில்?

"முதுகுல தண்ணி எடுக்கணும்" என்று டாக்டர் சொன்னதுமே உறவினர்களின் முகம் மாறிவிடும். "கால் விழுந்திடும்னு சொல்றாங்களே" என்று வார்டு வாசலில் யாராவது ஒருவர் கிளப்பிவிடுவார். கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று குடும்பமே கூடிப் பேசும். ஊசியை யார் குத்தப்போகிறார் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையைப் பொறுத்தவரை தலைகீழாக மாறியிருப்பது அதுதான்.

தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை ஊசியால் எடுக்கும் முறையை 1891இல் ஜெர்மனியின் கீல் நகரில் வகுத்தவர் ஹைன்ரிஷ் குவின்கே என்ற பொது மருத்துவர். அதே ஆண்டு லண்டனில் வால்டர் எசெக்ஸ் விண்டர் என்பவரும் மூளைக்காய்ச்சல் நோயாளிகளுக்கு இதுபோல நீர் எடுத்ததை எழுதினார். 1898இல் அதே கீல் நகரில் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், அந்த வழியாகவே மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார். மயக்க மருத்துவர்கள் கைக்கு ஊசி போனது அப்படித்தான். மூளைக்காய்ச்சலுக்காகக் குழந்தை மருத்துவரும், நரம்பு நோய்களுக்காக நரம்பியல் மருத்துவரும், ரத்தப் புற்றுநோயில் மருந்து செலுத்தப் புற்றுநோய் மருத்துவரும் அதை எடுத்துக்கொண்டார்கள். எந்தத் துறையும் இதைத் தனக்கே என்று பட்டா போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வரிசையில் எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் கதிரியக்க மருத்துவர் வெகுகாலம் ஓரமாகத்தான் நின்றார். அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். அதன் கணக்குகளை அலசி 2015இல் ஓர் ஆய்வு வந்தது. 1991இல் முதுகில் நீர் எடுத்தவற்றில் கதிரியக்க மருத்துவர்கள் செய்தது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 2011இல் அது ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. மூளை, நரம்பு மருத்துவர்களின் பங்கு சரிந்தது.

ஏன் கைமாறியது? முதல் காரணம் நேரம். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடம் தேடி, மரத்துப்போக ஊசி போட்டு, நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். வெளியே புறநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது இதற்கு அரைமணி, முக்கால் மணி ஒதுக்குவது நரம்பியல் மருத்துவருக்குக் கட்டுபடியாகாது. அடுத்த காரணம் உடல் பருமன். இடுப்பெலும்பின் மேல்விளிம்பை விரலால் தடவித்தான் குத்த வேண்டிய இடத்தைக் கணிப்பார்கள். அமெரிக்கப் பெரியவர்களில் பத்துக்கு நான்கு பேர் பருமனானவர்கள். விரலுக்கு எலும்பு அகப்படாது. எக்ஸ்ரே திரையில் ஊசி போகும் வழியைப் பார்த்தே குத்தலாம் என்கிறபோது, கண்ணைக் கட்டிக்கொண்டு குத்துவானேன்?

பழக்கம் விட்டுப்போனதும் ஒரு காரணம். தடுப்பூசிகள் வந்தபின் குழந்தைகளுக்கு வரும் பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. தலைக்குள் ரத்தக்கசிவா என்று பார்க்க, முதல் சில மணி நேரத்திலேயே எடுக்கும் சி.டி. ஸ்கேன் பல நேரங்களில் போதுமானதாகிவிட்டது. குத்திப் பழக வாய்ப்பே குறைந்தால் இளம் மருத்துவருக்குக் கை எப்படி வரும்? அமெரிக்கப் பொது மருத்துவத் தேர்வு வாரியமும் 2006இல், இதைக் கையால் செய்து காட்டியாக வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்தியது. விளக்கத் தெரிந்தால் போதும் என்றாயிற்று. இது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

கதிரியக்க அறையே தேவைப்படும் நோயாளிகள் உண்டு. மரபுவழித் தசைச் சிதைவு நோய் ஒன்றுக்காக 2016 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சன் மருந்தை, ஆரம்பத் தவணைகள் முடிந்தபின் நான்கு மாதத்துக்கு ஒருமுறை முதுகு வழியாகவே செலுத்த வேண்டும். அந்தப் பிள்ளைகள் பலருக்கு முதுகு வளைந்து, உள்ளே உலோகக் கம்பிகள் பொருத்தியிருக்கும். அங்கே ஸ்கேன் பார்த்துக் குத்துகிறவர்தான் சரியான ஆள்.

ஆனால் நடுராத்திரியில் காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருகிறவருக்கு? விடிந்து எக்ஸ்ரே அறை திறக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. ஆன்டிபயாட்டிக்கை உடனே தொடங்கிவிடலாம், தொடங்கத்தான் வேண்டும். ஆனால் மருந்து ஏறியபின் எடுக்கும் நீரில் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கடினமாகிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் பணியில் இருக்கும் மருத்துவருக்கே குத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் அரசு மருத்துவக் கல்லூரி வார்டுகளில் இன்றும் பெரும்பாலும் மேற்படிப்பு படிக்கும் டாக்டர்களே படுக்கை அருகில் நின்று இதைச் செய்கிறார்கள். மூளைக்காய்ச்சலைத் தரும் ஹிப் கிருமிக்கு எதிரான பென்டாவேலன்ட் தடுப்பூசி, இந்தியாவில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் வந்தது. ஆனாலும் காசநோய் மூளைக்காய்ச்சல் இங்கே ஒழியவில்லை. அதனால் கைப்பழக்கமும் போகவில்லை. வசதி குறைவால் நிலைத்த திறமைதான். வசதி வரும்போது அதைத் தொலைத்துவிடக் கூடாது.

கால் விழுந்துவிடும் என்ற பயத்துக்கு வருவோம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது எலும்பருகே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு இடையிலோ அடுத்த இடைவெளியிலோ போகிறது. அங்கே நரம்புகள் நீரில் நூலிழைகளாக மிதக்கின்றன. ஊசி பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். உண்மையில் அதிகம் படுத்துவது பிறகு வரும் தலைவலி. வெட்டும் முனைக்குப் பதில் பென்சில் முனைபோன்ற ஊசியைப் பயன்படுத்தினால் தலைவலி 11 சதவீதத்திலிருந்து 4 சதவீத அளவுக்குக் குறைகிறது என்று, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஆகவே முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றால் பயந்து மறுக்காதீர்கள். யார் செய்கிறார், எந்த ஊசி என்ற இரண்டையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.