மூன்று பேர் உறையூற்றிய பால்

அமுலின் வெற்றியைக் குரியன் என்ற ஒற்றைப் பெயரில் எழுதிவிடுவது சுலபம். ஆனால் ஆனந்த் நகரின் கணக்கில் இன்னும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன.

சொந்தமாகத் தொழில் தொடங்குகிற பலர், முதல் நாளே எல்லா நாற்காலிகளிலும் தாங்களே உட்கார்ந்துவிடுகிறார்கள். கொள்முதல், கணக்கு, விற்பனை, வசூல் எல்லாம் ஒரே தலையில். தொழில் வளரும்வரை இது சிக்கனம். வளர ஆரம்பித்ததும் இதுவே முட்டுக்கட்டை. குஜராத்தின் கைரா மாவட்டத்தில் பால் வியாபாரம் இந்தச் சிக்கலைத் தாண்டிய விதம், எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் பாடம்.

1940களில் அங்கே பம்பாய்க்குப் பால் கொள்முதல் செய்யும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. விலையை நிர்ணயித்தவர்கள் இடைத்தரகர்கள். சர்தார் படேலின் யோசனைப்படி விவசாயிகள் 1946ல் பாலை நிறுத்திப் போராடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. தலைமை ஏற்றவர் திரிபுவன்தாஸ் படேல்: சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், கிராமம் கிராமமாக அலைந்து பேசக்கூடியவர். அவர் சொன்னால் விவசாயி நம்பினார். ஆனால் இயந்திரமும் நிர்வாகமும் அவருக்குப் பழக்கமில்லாதவை.

அந்தக் குறையை நிரப்ப வந்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அமெரிக்காவில் படிக்க அரசு தந்த உதவித்தொகைக்கு ஈடாக 1949ல் ஆனந்தில் இருந்த அரசுப் பால் பண்ணையில் வேலைக்கு அனுப்பப்பட்டார். ஊர் பிடிக்கவில்லை. ராஜினாமா செய்து மூட்டை கட்டியவரை, சங்கத்தின் இயந்திரங்களைச் சீராக்கித் தரும்படி கேட்டு நிறுத்தினார் திரிபுவன்தாஸ். தன்னிடம் இல்லாத திறமையை அடையாளம் கண்டு, அதற்கு முழு அதிகாரமும் கொடுத்தது அவர் செய்த மிகப் பெரிய முதலீடு.

குரியனும் அதையே செய்தார். குளிர்காலத்தில் எருமைகள் தாராளமாகக் கறந்தன. பம்பாய் அவ்வளவு பாலை வாங்கவில்லை. உபரியைப் பவுடராக்கினால்தான் விவசாயி பிழைப்பார். கொழுப்பு மிகுந்த எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்தார்கள். முடியும் என்றவர் பால் தொழில்நுட்பம் படித்த ஹெச்.எம். தலாயா. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நாட்களிலிருந்தே குரியனின் நண்பர். ஆனந்துக்கு வந்தவரை அங்கேயே தங்கவைத்தார் குரியன். தலாயாவின் முயற்சி பலித்தது. யூனிசெப் உதவியோடு எழுந்த பவுடர் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 31ம் தேதி நேரு திறந்துவைத்தார்.

மூவரில் யார் இல்லாமல் போயிருந்தாலும் கதை வேறு. படேல் இல்லையென்றால் பால் வந்திருக்காது. தலாயா இல்லையென்றால் உபரி வீணாகியிருக்கும். குரியன் இல்லையென்றால் சந்தை கிடைத்திருக்காது. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்காததுதான் இந்தக் கூட்டணியின் ரகசியம். 1966ல் விளம்பரப் பொறுப்பு சில்வெஸ்டர் டாகுன்ஹாவின் நிறுவனத்துக்குப் போனபோதும் குரியன் அதே வழியில் நடந்தார். முன் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று அவர் கொடுத்த சுதந்திரத்தில் வளர்ந்தவள்தான் புள்ளி போட்ட கவுன் அணிந்த அமுல் சிறுமி.

குழு என்றால் உரசலும் உண்டு. உறுப்பினர் சங்கங்களுடன் கருத்து வேறுபாடு முற்றி, 2006ல் குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பின் தலைவர் பதவியிலிருந்து குரியன் விலகினார். அதற்கு முன்பே படேலும் தலாயாவும் காலமாகிவிட்டார்கள். குரியனும் 2012ல் மறைந்தார்.

ஆனால் கடை மூடப்படவில்லை. 2023-24ல் கூட்டமைப்பின் விற்பனை 59,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதன் பின்னால் சுமார் 36 லட்சம் பால் உற்பத்தியாளர்கள். தொழில் தொடங்குகிற ஒருவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான்: நாளைக் காலை நான் வராவிட்டால், பால் வண்டி கிளம்புமா?