தையற்காரர் தொடங்கிய வகுப்பு: யூதப் பெண்களின் செமினரி வாழ்க்கை

ஒவ்வோர் ஆண்டும் கோடை முடியும் நேரத்தில் நியூயார்க், லண்டன், ஆண்ட்வெர்ப், ஜோகன்னஸ்பர்க் நகரங்களிலிருந்து பதினெட்டு வயதுப் பெண்கள் கூட்டங்கூட்டமாக இஸ்ரேலில் வந்து இறங்குகிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார்கள். கல்லூரியோ வேலையோ திருமணமோ இன்னும் தொடங்கவில்லை. இடைப்பட்ட அந்த ஓராண்டை ஜெருசலேமில் ஒரு செமினரியில் தங்கி, யூத வேதமான தோராவைப் படிப்பதில் கழிக்கிறார்கள். படித்து முடித்ததும் மதகுரு ஆகப்போவதில்லை. வைதீக யூத மரபில் ரப்பி பட்டம் பெரும்பாலும் ஆண்களுக்கே. ஆசிரியைகளாகவும் குடும்பத் தலைவிகளாகவும் சமூகத்தைத் தாங்கப்போகிறவர்கள் என்பதால், அதற்கு முன் ஓராண்டு முழுதாகக் கற்க வேண்டும் என்பது எண்ணம்.

காலைத் தொழுகை முடிந்ததும் வகுப்புகள் ஆரம்பம். மதியம் சற்று ஓய்வு. பிறகு மாலையிலும், பல இடங்களில் இரவிலும் பாடம் தொடரும். ஐந்தாகமம், தீர்க்கதரிசிகளின் நூல்கள், ஹலாகா எனப்படும் மதச் சட்டம், நம்பிக்கை குறித்த சிந்தனை ஆகியவை முக்கியப் பாடங்கள். மனப்பாடம் செய்தால் போதும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கலாம். உண்மையில் இது கடினமான மூளை வேலை. ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வார்கள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ரஷி அதில் என்ன சிக்கலைக் கண்டார்? 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த ராம்பான் எந்த இடத்தில் அவரோடு முரண்படுகிறார்? இரண்டையும் எபிரேய மூலத்திலேயே படித்துப் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியர் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதி வைத்துக்கொள்வது இந்த மாணவிகளின் பழக்கம். பின்னாளில் ஆசிரியை ஆனதும் பலர் அந்த நோட்டுகளை வைத்தே பாடம் நடத்துகிறார்கள்.

விடுதியில் ஒரே அறையில் பலர் தங்குகிறார்கள். யூத உணவு விதிப்படி பால் பாத்திரம் வேறு, இறைச்சிப் பாத்திரம் வேறு. பாவாடை முழங்காலையும், சட்டைக்கை முழங்கையையும் மறைக்க வேண்டும். இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். கைபேசிக்குக் கட்டுப்பாடு உண்டு. எவ்வளவு என்பது செமினரிக்குச் செமினரி மாறும். வாரத்தில் ஒரு பிற்பகல் 'ஹெசெத்' என்ற தொண்டுக்கு உரியது. பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டுக்குப் போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள், பாத்திரம் கழுவுவார்கள், துணி மடிப்பார்கள். வெள்ளி மாலை வாராந்திர ஓய்வு நாளான சப்பாத் தொடங்கிவிட்டால் சனி இரவு வரை விளக்கைப் போடுவதில்லை, பேருந்தில் ஏறுவதில்லை. பல வாரங்களில் விடுதியில் இல்லாமல் ஏதாவது ஒரு குடும்பத்தின் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவார்கள். முன்பின் தெரியாத வீட்டைத் தொலைபேசியில் அழைத்து, "இந்த சப்பாத்துக்கு வரலாமா?" என்று தாங்களே கேட்கவும் வேண்டியிருக்கும். கூச்சம் மிகுந்த ஒரு பெண்ணுக்கு அந்த அழைப்பே பெரிய பரீட்சை.

இப்படியொரு படிப்பு பெண்களுக்கு என்றென்றும் இருந்ததில்லை. நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்னால் இதைத் தொடங்கியவர் போலந்தின் கிராகோவ் நகரில் வாழ்ந்த ஒரு தையற்காரர்.

அன்றைய கிராகோவ் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி யூதப் பெண் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போய்ப் போலிஷ் இலக்கியத்தில் தேர்ந்தார்கள். அவர்களுடைய சகோதரர்கள் மதப் பள்ளிகளில் தோரா படித்தார்கள். பெண்களுக்கு மதக் கல்வி என்பது வீட்டில் அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது மட்டுமே. வெளியுலகைப் பற்றி நிறையவும் தங்கள் மரபைப் பற்றி மிகக் குறைவாகவும் அறிந்த ஒரு தலைமுறை இப்படி உருவானது. 1899 இறுதியில் மிஹாலினா அராத்தன் என்ற, ஹசீதியம் எனும் யூத பக்தி மரபைச் சேர்ந்த வீட்டுப் பெண் கிராகோவில் கத்தோலிக்கக் கன்னியர் மடத்தில் தஞ்சம் புகுந்தபோது பேரரசு முழுவதும் பரபரப்பு எழுந்தது. அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்கள் நூற்றுக்கணக்கானோர் என்று வரலாற்றாசிரியர் ரேச்சல் மானெகின் ஆவணங்களைத் தேடி எழுதியிருக்கிறார். 1903இல் கிராகோவில் கூடிய ரப்பிகள் மாநாட்டில் பெண் கல்விப் பேச்சு எழுந்தும் பலனில்லை.

அந்தத் தையற்காரரான சாரா ஷெனிரர் பிறந்தது 1883இல். தங்கள் உடையின் அளவு கொஞ்சமும் பிசகக் கூடாது என்று பார்க்கும் பெண்களுக்கு உள்ளத்தை அலங்கரிக்க ஒன்றும் தரப்படவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. முதல் உலகப் போரில் அகதியாக வியன்னாவுக்குப் போனவர், அங்கே ஒரு ரப்பியின் உரையைக் கேட்டு உறுதி கொண்டார். வளர்ந்த பெண்களிடம் முயன்றது கைகூடவில்லை, சிறுமிகளிடம் திரும்பினார். 1917இல் 25 சிறுமிகளோடு வகுப்பு தொடங்கியது. அதுவே 'பெய்ஸ் யாக்கோவ்' இயக்கம். அவரது முதல் திருமணம் மணவிலக்கில் முடிந்தது, பிள்ளைகள் இல்லை. ஆயிரக்கணக்கான மாணவிகள் அவரைத் தாய் என்றே நினைத்தார்கள்.

பள்ளிகள் பெருகப் பெருக ஆசிரியைகள் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவையே செமினரியைப் பிறப்பித்தது. 1931இல் கிராகோவின் ஸ்டனிஸ்வாவா தெருவில் ஐந்து மாடிக் கட்டடம் எழுந்தது. 1930களின் பிற்பகுதியில் சுமார் 250 பள்ளிகள், 35,000க்கு மேற்பட்ட மாணவிகள். ஷெனிரர் 1935இல் காலமானார். அவரைப் புதைத்த இடுகாட்டின் மேலேயே நாஜிகள் பிவாஷூவ் வதைமுகாமைக் கட்டினார்கள். அவருடைய மாணவிகளில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள்.

முன்னமே வெளியேறியவர்களும் தப்பியவர்களும் மீண்டும் தொடங்கினார்கள். ஷெனிரரின் மாணவி விக்னா கப்லான் 1930களின் இறுதியில் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க்கில் தன் வீட்டு உணவு மேசையைச் சுற்றிப் பெண்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் 1944இல் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி உருவானது. ஜெருசலேமில் மிஹ்லாலா 1964இல் வந்தது. மதப் பின்னணி இல்லாத வீடுகளிலிருந்து வரும் பெண்களுக்காக நெவே யெருஷலாயிம் 1970இல் வந்தது. ஜெருசலேமின் மிகக் கண்டிப்பான செமினரிகளில் ஒன்றைப் பல பத்தாண்டுகள் நடத்தி 2023இல் மறைந்த புரூரியா டேவிட், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பல்கலைக்கழகத்தை ஐயத்தோடு பார்க்கும் சமூகத்தில் அவருடைய அறிவுக்கு இருந்த மதிப்பை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். படித்த பெண் மரபுக்கு எதிரி என்ற வாதம் அந்த வகுப்பறைக்குள் நிற்கவே முடியாது.

இஸ்ரேலிலேயே பிறந்த, மிகக் கண்டிப்பான வைதீகரான ஹரேதிப் பெண்களின் செமினரி சற்று வேறு வகை. அது பிழைப்புக்கான படிப்பும்கூட. கணவர் முழுநேரமும் தோரா படிக்க, மனைவி சம்பாதிக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். ஹரேதிப் பெண்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் வேலைக்குப் போகிறார்கள். ஆண்களில் பாதியைச் சற்றுத் தாண்டும். ஆசிரியைப் பணியிடங்கள் நிரம்பிவிட்டதால் செமினரிகள் கணக்கியலும் மென்பொருளும் கற்பிக்கின்றன. காலையில் வேதம், பிற்பகலில் நிரல் எழுதும் பயிற்சி என்று நாள் போகிறது.

இனி, மனதை உறுத்தும் பக்கம். வெளிநாட்டு மாணவிக்கு ஓராண்டுச் செலவு பல இடங்களில் 20,000 டாலரைத் தாண்டும். எந்தச் செமினரியில் படித்தாள் என்பது திருமணப் பேச்சுக்காகத் தயாரிக்கும் விவரத்தாளில் இடம்பெறும். அதனால் பன்னிரண்டாம் வகுப்பில் வரும் அந்த நேர்காணல்கள் பெண்ணின் தூக்கத்தைக் கெடுக்கின்றன. இதைவிட வேதனையானது பூர்வீகம் பார்ப்பது. இஸ்ரேலிய ஹரேதிச் செமினரிகளில், மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பின்னணி கொண்ட செஃபார்திப் பெண்களுக்கு இடம் மறுப்பதாகப் பல ஆண்டுகளாகப் புகார் இருக்கிறது. மேற்குக் கரையிலுள்ள இம்மானுவேல் குடியேற்றத்தின் பெய்ஸ் யாக்கோவ் பள்ளியில் மாணவிகளைப் பிரித்து வைத்தது உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்புக்குப் பணியாத பெற்றோர் 2010இல் சிறை சென்றார்கள். ஒரே வேதத்தைப் படிக்க வந்த பிள்ளையை இப்படி வாசலில் நிறுத்துவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

மற்றொரு விவாதப் பொருள், யூத மதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்முத். பெய்ஸ் யாக்கோவ் மரபுச் செமினரிகள் அதைப் பெண்களுக்குக் கற்பிப்பதில்லை. மகளுக்குத் தோரா கற்பிக்கலாமா என்ற கேள்வி பழமையான சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இருக்கிறது. பென் அசாய் வேண்டும் என்கிறார். ரப்பி எலியேசர் கூடாது என்கிறார். காலம் மாறிவிட்டதால் பெண்களுக்கு வேதம் கற்பித்தே ஆக வேண்டும் என்று எழுதி, ஷெனிரரின் முயற்சிக்கு ஆதரவுக் கடிதமும் கொடுத்த, பெருமதிப்புக்குரிய ரப்பியான ஹஃபெத்ஸ் ஹயீம்கூடத் தால்முத் வரை போகவில்லை. நவீன வைதீகப் பிரிவினர் போனார்கள். 1976இல் ஜெருசலேமில், இன்று மித்ரெஷெத் லிண்டன்பாம் எனப்படும் நிறுவனம் பெண்களுக்குத் தால்முத்தைத் திறந்தது. 1977இல் நியூயார்க்கின் ஸ்டெர்ன் கல்லூரியில் பெண்களுக்கான தால்முத் வகுப்பின் முதல் பாடத்தை அந்தப் பிரிவின் முன்னணி அறிஞரான ரப்பி சொலவெய்ச்சிக்கே நடத்தினார். 1999இல் நிஷ்மத் நிறுவனம், மாதவிடாயும் தாம்பத்தியமும் குறித்த குடும்பத் தூய்மைச் சட்டங்களில் பெண்களுக்கு ஆலோசனை சொல்லும் முதல் பெண் ஆலோசகர்களைத் தயாரித்து அனுப்பியது.

இப்படிப் படித்த பெண்கள் இஸ்ரேலின் தலைமை ரப்பி அலுவலகம் நடத்தும் ஹலாகா தேர்வுகளை எழுத அனுமதி கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தேர்வு எழுதுவதால் அவர்கள் ரப்பி ஆகிவிட மாட்டார்கள். ஆனால் அந்தச் சான்றிதழைச் சில அரசுப் பணிகளில் பட்டப்படிப்புக்குச் சமமாகக் கொள்கிறார்கள். அதுவரை அந்தப் பயன் ஆண்களுக்கு மட்டுமே கிடைத்து வந்தது.