டாஃபடில் கிழங்கைத் தின்னும் ஈ

இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள கார்ன்வாலில் டாஃபடில் பூக்களை வயல்வயலாகப் பயிரிடுகிறார்கள். பூக்கள் ஓய்ந்த பிறகு, மே, ஜூன் மாத வெயிலில், பாத்திகளின் மேல் தாழப் பறந்து ரீங்கரிக்கும் பூச்சி ஒன்றைப் பார்ப்பவர்கள் பம்பிள் தேனீ என்றே நினைப்பார்கள். அதே பருத்த உடல், அதே அடர்ந்த ரோமம். ஆனால் தேனீக்கு இறக்கை நான்கு, இதற்கு இரண்டுதான். இது நார்சிசஸ் ஈ. அறிவியல் பெயர் மெரோடான் ஈக்வெஸ்ட்ரிஸ். ஒரே இனத்துக்குள் மஞ்சள், செம்பழுப்பு, கறுப்பு எனப் பல நிறங்களில் பிறந்து, வெவ்வேறு பம்பிள் தேனீக்களின் சாயலைக் காட்டுகிறது. கொட்டும் கொடுக்கு கிடையாது, வேஷம் மட்டும் உண்டு. எத்தனை நேர்த்தியான வேஷம்!

வளர்ந்த ஈ தேனும் மகரந்தமும் உண்டு வாழும். கெடுதல் அதன் புழுவால்தான்.

டாஃபடில் கிழங்கு வெங்காயத்தைப் போல அடுக்கடுக்கானது. பூ உதிர்ந்த பின்னும் இலைகள் சில வாரம் பச்சையாக நின்று, அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்க்கின்றன. பிறகு அவை வாடிச் சாயும்போது மண்ணில் துளை விழுகிறது. தாய் ஈ அந்தத் துளைக்குள் இறங்கி, இலையடியில் முட்டையிடுகிறது. பொரித்த புழு கிழங்கின் வெளிப்பக்கமாகவே ஊர்ந்து போய், வேர் கிளம்பும் அடித்தட்டைத் துளைத்து நுழைகிறது. முயல்கூடத் தொடாத நச்சுக் கிழங்கு இந்தப் புழுவுக்கு ஒத்துக்கொள்கிறது! ஒரு கிழங்குக்குப் பெரும்பாலும் ஒரு புழுதான், அதுவே போதும். குளிர்காலம் முழுக்க உள்ளேயே இருந்து நடுக்குருத்தைத் தின்று, கிழங்கைப் பழுப்புச் சேறாக்கிவிடும். வசந்தத்தில் வெளியேறி மண்ணில் கூட்டுப்புழுவாகும். பூ வரவேண்டிய இடத்தில் புல் போன்ற மெல்லிய இலைகள் வரும். சில சமயம் அதுவும் வராது.

உள்ளே இருக்கும் புழுவை மருந்து எட்டுவது கடினம். விவசாயிகள் நம்புவது வெந்நீரை. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் ஆய்வு செய்த ஜேம்ஸ் ராம்ஸ்பாட்டம், கிழங்கைத் தாக்கும் நூற்புழுவை வெந்நீரால் கொல்லலாம் என்று காட்டினார். அந்த வழியில் இன்று 44.4 டிகிரி செல்சியஸ் நீரில் 3 மணி நேரம் கிழங்குகளை ஊறவைக்கிறார்கள். ஈயின் புழுவும் அதில் செத்துவிடும். சூடு கொஞ்சம் கூடினாலும் கிழங்குக்குள் உருவாகியிருக்கும் பூமொட்டு கெட்டுப்போகும்.

வீட்டுத் தோட்டத்தில் இவ்வளவு தேவையில்லை. இலை வாடியதும் மண்ணைக் கிளறி அணைத்துத் துளையை மூடிவிடலாம்; ஈ பறக்கும் மாதங்களில் பாத்தியின் மேல் நுண்வலை விரிக்கலாம். கிழங்கு வாங்கும்போது கழுத்துப் பக்கம் அழுத்திப் பார்த்து, மெத்தென்று அமுங்குவதை ஒதுக்கிவிடுவது நல்லது.